பேனா எடுக்காமல் கோட்பாட்டுக் கணினியியல் வராது

கோலாலம்பூர், பினாங்குப் பல்கலைக்கழகங்களில் கணினித் துறையில் சேரும் நம் பிள்ளைகளில் சிலருக்கு, நிரல் எழுதுவதைவிட ‘கணினியால் எதைக் கணக்கிட முடியும், எதை முடியாது’ என்ற கோட்பாட்டுக் கேள்விதான் பிடித்துப்போகிறது. இது அவர்களுக்காக.

முதல் தவறு, விரிவுரைகளைப் பார்த்துத் தீர்ப்பது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மைக்கேல் சிப்சர் 2020இல் நடத்திய கணிமைக் கோட்பாட்டு வகுப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அருமையான வகுப்பு. ஆனால் கெலானா ஜெயா தடத்து எல்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே பார்த்தால் எல்லாம் புரிந்ததுபோலத்தான் இருக்கும். நிரூபணம் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். தாளில் நீங்களே முயன்றுவிட்டு மீதியைப் பாருங்கள்.

ஆய்வுக்கட்டுரையை முதல் வரியிலிருந்து நாவல்போல வாசிப்பதும் வீண். தேற்றம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு, மிகச் சிறிய எடுத்துக்காட்டைக் கையால் செய்யுங்கள். கணிதவியலாளர் ஹாவ் ஹுவாங் 2019இல் உணர்திறன் ஊகத்தை (உள்ளீட்டில் ஒரு பிட் மாறினால் விடை எவ்வளவு எளிதில் மாறும் என்பது பற்றிய ஊகம்) நிரூபித்த கட்டுரை சில பக்கங்கள்தான். அந்தக் கேள்வியோ ஏறத்தாழ 30 ஆண்டுகள் தீராமல் கிடந்தது. கட்டுரையின் உயிர்நாடி ஓர் அணி (matrix). மேல்வரிசை 0, 1. கீழ்வரிசை 1, 0. இந்தச் சிறிய அணியை ஒரு பெரிய கட்டத்தின் மேல் இடப்பக்கம் வையுங்கள். குறியை மாற்றிக் கீழ் வலப்பக்கம் வையுங்கள். மற்ற இரு மூலைகளிலும் அலகு அணி, அதாவது மூலைவிட்டத்தில் 1, மற்ற இடங்களில் 0. கிடைக்கும் 4க்கு 4 அணியை அதனாலேயே பெருக்கினால் மூலைவிட்டம் முழுக்க 2, மற்ற இடமெல்லாம் 0. ஐந்தாம் படிவத்தில் படித்த பெருக்கலே போதும். அதேபோல இன்னொரு படி வளர்த்தால் மூலைவிட்டத்தில் 3 வரும். இதைச் செய்து பார்த்தவருக்குக் கட்டுரையில் வர்க்கமூலம் எங்கிருந்து முளைக்கிறது என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

திசை மாறிப்போவது இன்னொரு தவறு. ஒரு புதிய சிக்கல் கடினம் என்று காட்ட, கடினம் என்று ஏற்கெனவே தெரிந்த ஒன்றைப் புதியதாக மாற்ற வேண்டும். பலர் புதியதைப் பழையதாக மாற்றிவிட்டு நிரூபித்துவிட்டதாக எண்ணுகிறார்கள். எளிய கணக்கைக்கூடச் சுற்றிவளைத்துக் கடினமான கணக்காக்க முடியும்; அதனால் அது கடினமாகிவிடாது. கணினியியலாளர் ரிச்சர்ட் கார்ப் 1972இல் இப்படிக் கடினம் என்று காட்டிய 21 சிக்கல்களை எடுத்து, எது எதுவாக மாறுகிறது என்று அம்புக்குறி போட்டுப் பழகுங்கள்.

இறுதியாண்டு ஆய்வுக்கு நேராக பி-என்பி கேள்வியில் (விடையை விரைவாகச் சரிபார்க்க முடிந்தால், விரைவாகக் கண்டுபிடிக்கவும் முடியுமா என்ற தீராத கேள்வி) கை வைக்க வேண்டாம். எந்த வகை வாதங்கள் அங்கே செல்லாது என்று 1975 முதலே நிரூபணங்கள் வந்திருக்கின்றன. அவற்றையாவது முதலில் படியுங்கள். சிறிய கேள்வி என்றால் மட்டமான கேள்வி அல்ல. கான்பூர் ஐஐடியில் நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும் இளநிலை ஆய்வுக்கு எடுத்தது பகா எண் சோதனை, அதாவது ஓர் எண் பகா எண்ணா என்று கண்டறிவது என்ற ஒரே பொருள். அந்த உழைப்பு, 2002இல் பேராசிரியர் மணீந்திர அகர்வாலுடன் சேர்ந்து அவர்கள் கண்ட, பகா எண்ணை விரைவாகச் சோதிக்கும் புகழ்பெற்ற படிமுறைக்கு (algorithm) வழிவிட்டது.

சிக்கிக்கொண்டால் பேராசிரியருக்கு எழுதத் தயங்காதீர்கள். ‘ஐயா, கட்டுரை புரியவில்லை’ என்று மட்டும் எழுதினால் அவரால் உதவ முடியாது. எந்தத் துணைத்தேற்றம், எந்த வரியிலிருந்து எந்த வரிக்குத் தாவ முடியவில்லை என்று குறிப்பிட்டு, நீங்கள் முயன்ற தாளையும் படமெடுத்து இணைத்து அனுப்புங்கள்.