ரங்கூன் வீட்டில் தேக்குத் தரை போடும் முன்

தேக்குதானே, ஒன்றும் ஆகாது என்பார்கள். மற்ற மரங்களைவிடக் குறைவாக உப்பும், சுருங்கும், அவ்வளவுதான். ரங்கூனில் மே முதல் அக்டோபர் வரை மழை, அதனால் முடிந்தால் அந்த மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

முதலில் சிமெண்ட் தரை. ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். அடியில் நீர் கோத்திருந்தாலோ சிமெண்ட் கறுத்திருந்தாலோ ஈரம் இன்னும் போகவில்லை, கொத்தனார் என்ன சொன்னாலும் சரி.

அப்புறம் பலகைக் கட்டுகளைப் பிரித்து, போடப்போகும் அறையிலேயே இடையிடையே ரீப்பர் என்னும் மெல்லிய மரச்சட்டங்களை வைத்துக் காற்றோட்டமாக அடுக்குங்கள், ஏசி ஓடும் வீடென்றால் வழக்கம்போல் ஓடட்டும். எத்தனை நாள் என்று கணக்கில்லை, ஈரம் அளக்கும் மீட்டரில் எண் மாறாமல் நிற்க வேண்டும்.

சுவரோரம் சுமார் அரை அங்குல இடைவெளி விடச் சொல்லுங்கள். கதவின் அடியையும் இப்போதே அளந்துவிடுங்கள், தரை உயர்ந்தால் இடிக்கும்.