கொலிஜில் நியூட்ரிஷன் படித்துவிட்டுக் கம்பஸ் போக நினைப்பவர்களுக்கு

ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "இரண்டு வருடம் கொலிஜில் படி, பிறகு கம்பஸுக்கு (பல்கலைக்கழகத்துக்கு) மாறிக்கொள்ளலாம்." சில படிப்புகளுக்கு இது சரிவரும். ஊட்டச்சத்துத் துறையில் பெயரைப் பார்த்து ஏமாந்துபோக நிறைய இடமுண்டு. நானும் ஏமாந்தவள்தான்.

ஒன்ராறியோவில் டயட்டீஷியன் (உணவியல் நிபுணர்) என்ற பெயர் 1991ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. அங்கீகரிக்கப்பட்ட பட்டப்படிப்பு, செயல்முறைப் பயிற்சி, அதன் பிறகு நாடளாவிய தேர்வு, இவ்வளவையும் தாண்டினால்தான் அந்தப் பெயரைப் போடலாம். நியூட்ரிஷனிஸ்ட் என்று இங்கே யாரும் போட்டுக்கொள்ளலாம், கேட்க ஆளில்லை. கொலிஜ்களில் இருக்கும் உணவு, ஊட்டச்சத்து மேலாண்மை டிப்ளோமா நியூட்ரிஷன் மனேஜர் வேலைக்கானது. முதியோர் பராமரிப்பு இல்லத்தின் குசினியை நடத்துகிறவர் அவர். நல்ல வேலை, அதிலேயே நின்றுவிடுபவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் டயட்டீஷியன் ஆகும் பாதையில் பாதித் தூரம் வந்துவிட்டோம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

இன்னொன்று. 'கொலிஜ் ஒஃப் டயட்டீஷியன்ஸ் ஒஃப் ஒன்ராறியோ' என்பது பள்ளிக்கூடமே இல்லை, பதிவு கொடுக்கும் ஒழுங்குமுறை அமைப்பு. அங்கே அட்மிஷன் கேட்டு மெயில் போட்ட ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்.

சிக்கல் வேதியியலில்தான் வருகிறது. டிப்ளோமாவில் மெனு போடுவது, செலவுக் கணக்கு, உணவுப் பாதுகாப்பு, ஆட்களை மேற்பார்வை செய்வது என்று படிப்போம். ரொறன்ரோ மெட்ரோபொலிட்டன், குவெல்ஃப் போன்ற பல்கலைக்கழகங்களின் பட்டப்படிப்பில் கரிம வேதியியல், உயிர்வேதியியல், உடற்றொழிலியல் எல்லாம் வரும். அதனால் இரண்டு வருடம் படித்தாலும் இரண்டு வருடத்துக்கான கிரெடிட் கிடைக்கும் என்று கணக்குப் போடவேண்டாம். கொலிஜில் சேரும் முன்பே 'ஒன்ட்ரான்ஸ்ஃபர்' தளத்தில் எந்தப் பாடம் எங்கே ஏற்கப்படுகிறது என்று பாருங்கள். பிறகு கம்பஸுக்கே எழுதிக் கேளுங்கள். பதில் எழுத்தில் இருக்கட்டும்.

ஊரில் உயர்தரத்தில் (ஏ.எல்.) உயிரியல் பிரிவு எடுத்தவர்கள் அந்தச் சான்றிதழையும் சேர்த்தே அனுப்புங்கள். வர்த்தகம், கலை படித்தவர்கள் எஸ்.பி.ஐ. 4யூ, எஸ்.சி.எச். 4யூ என்ற பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல், வேதியியலை வளர்ந்தோர் பள்ளியில் முடித்துவிட்டு வருவது நல்லது.

ஒவ்வொரு பாடத்தின் கோர்ஸ் அவுட்லைனையும் அந்தந்த செமஸ்டரிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மார்க் ஷீட் போதாது. நான் படித்து முடித்ததும் என் கொலிஜ் கணக்கு மூடப்பட்டுவிட்டது. கம்பஸ் ஒரு பாடத்தின் அவுட்லைனைக் கேட்டது, கொலிஜுக்கு மெயிலுக்கு மேல் மெயில் போட்டேன், அது வருவதற்குள் தேதி போய்விட்டது. எண்பதுக்கு மேல் எடுத்த அதே பாடத்தைக் காசு கட்டித் திரும்பவும் படித்தேன்.

காசு என்றதும்: ஓசாப் எனும் ஒன்ராறியோ அரசின் மாணவர் நிதியுதவி குடியுரிமை, நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்கும் பாதுகாக்கப்பட்ட நபர்களுக்கும் (அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டவர்களுக்கும்)தான். அகதிக் கோரிக்கை இன்னும் முடிவாகாதவர்களுக்குக் கிடைக்காது. மாணவர் விசாவில் வந்தவர்கள் 2024 நவம்பர் முதல் கல்வி நிறுவனம் மாறுவதற்கே புதிய அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். கொலிஜிலிருந்து கம்பஸ் போவதும் அதில் அடங்கும்.

படிக்கும்போதே ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் பகுதிநேர டயட்டரி எய்ட் (குசினி, சாப்பாட்டு உதவியாளர்) வேலை தேடுங்கள். ஒன்ராறியோ விதிப்படி ஒரு குடியிருப்பாளருக்கு மாதத்துக்குக் குறைந்தது 30 நிமிடம் டயட்டீஷியன் அங்கே இருக்க வேண்டும். 120 பேர் உள்ள இல்லத்துக்கு அது மாதம் 60 மணித்தியாலம். அவர் என்ன செய்கிறார் என்பதைத் தட்டு அடுக்கிக்கொண்டே பார்க்கலாம்.

நான் வேலை செய்த இடத்தில் விழுங்கக் கஷ்டப்படும் ஓர் அம்மம்மா இருந்தார். அவருக்கு நான்காம் நிலை உணவு, அதாவது மையாக அரைத்தது. கரண்டியைச் சரித்தால் மொத்தமாக வழுக்கி விழ வேண்டும், கஞ்சி மாதிரி ஒழுகவும் கூடாது, ஒட்டிக்கொண்டு நிற்கவும் கூடாது. மசித்த உருளைக்கிழங்கை அவர் தொடவே மாட்டார். சோறும் பருப்பும் அரைத்துப் பார்த்தோம். சோறு ஆற ஆறப் பசையாகிக் கரண்டியை விடாது. பருப்புத் தண்ணீரைக் கூட்டிக் குறைத்து, சூட்டோடு அரைத்து, மூன்றாம் நாள்தான் சரியாக வந்தது. பிறகு செயல்முறைப் பயிற்சிக்கான நேர்முகத்தில் என்னிடம் அதிக நேரம் கேட்டது அந்தச் சோற்றைப் பற்றித்தான்.