புத்தகப் படத்துக்குள் ஒளிந்திருக்கும் பழைய ஓவியத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

படம் போட்ட புத்தகம் கிடைத்தால், படங்களைக் கையால் மறைத்துக்கொண்டு முதலில் கதையைப் படித்துவிடுவேன். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் எழுத்து என்ன சொல்கிறது என்று தெரிந்தால்தான், ஓவியர் தன் பங்குக்கு எதைச் சேர்த்தார் என்று பிடிபடும். பழைய ஓவியத்தின் சாயல் பெரும்பாலும் அந்தச் சேர்க்கையில்தான் இருக்கும்.

1865-இல் வந்த ஆலிஸ் கதையில் ஒரு சீமாட்டி வருகிறாள். லூயிஸ் கரோல் அவளை ரொம்ப அசிங்கமானவள் என்கிறார். மோவாய் கூர்மை, ஆலிஸின் தோளில் குத்துகிறது என்கிறார். அவ்வளவுதான். இப்போது ஜான் டென்னியல் வரைந்த படத்தைத் திறந்து பாருங்கள். இருபுறமும் கொம்பு போல எழும்பும் மாபெரும் தலையணி, அகன்ற முகம், நீளமான மேலுதடு. மோவாயோ கூர்மையாகவே இல்லை. கதை கேட்காத இதெல்லாம் எங்கிருந்து வந்தது? குவென்டின் மாட்சிஸ் 1513 வாக்கில் வரைந்த கிழவியைப் பக்கத்தில் வைத்தால் புரியும். அதே மாதிரித் தலையணி, அதே மேலுதடு.

அதனால் முகத்தை விட்டுவிட்டு, கதையில் இல்லாதவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: தொப்பி, கை வைத்திருக்கும் விதம், ஜன்னலோரச் செடி, சுவரில் மாட்டிய படம். அருங்காட்சியகங்களின் இணையதளங்களில் தேடும்போதும் இந்தப் பொருட்களின் பெயரைப் போட்டுத் தேடினால்தான் பலன் கிடைக்கும்.

அடுத்து ட்ரேசிங் பேப்பரில் வெளிக்கோட்டை மட்டும் எடுங்கள். நிழலும் கோடுகளும் போனபின் உடலின் அமைப்பு தெளிவாகத் தெரியும். அப்புறம் தாளை மறுபுறம் திருப்பியும் ஒப்பிடுங்கள். இது முக்கியம். ஓர் ஓவியத்தைப் பார்த்தபடியே அச்சுத் தகட்டில் செதுக்கினால், அச்சாகும்போது இடம் வலமாகிவிடும். பல ஓவியர்களுக்குப் பழைய ஓவியங்கள் அச்சுப் பிரதிகளாகத்தான் கிடைத்தன. திரும்பிய வடிவத்தையே அவர்கள் பார்த்திருக்கலாம்.

சரி, சாயல் பொருந்திவிட்டது. உடனே குதிக்காதீர்கள். ஓவியர் அதைப் பார்த்திருக்க முடியுமா? மாட்சிஸின் கிழவி லண்டன் நேஷனல் கேலரிக்கு வந்தது 1947-இல். டென்னியல் 1914-லேயே இறந்துவிட்டார். அங்கே போய்ப் பார்த்து வரைந்தார் என்று எழுதினால் தப்பு. ஆனால் வேறு வழி உண்டு. இதே முகத்தை லியனார்டோ டா வின்சியின் சீடர் வட்டத்தைச் சேர்ந்த ஒரு கோட்டோவியத்திலும் காணலாம், அதை ஹாலர் என்பவர் 17-ஆம் நூற்றாண்டில் அச்சுப் படமாக்கியிருக்கிறார். இந்த மாதிரி வழி ஒன்றாவது கிடைக்காவிட்டால், மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறோம் என்றே பொருள். கை கூப்புவது, கன்னத்தில் கை வைப்பது போன்றவை ஆயிரம் ஓவியங்களில் உண்டு. அவற்றை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

பழகுவதற்கு, சிறுவர் படப் புத்தகங்கள் வரையும் ஆந்தனி பிரவுனிடமிருந்து தொடங்கலாம். 1983-இல் வந்த அவருடைய கொரில்லா புத்தகத்தில் மோனாலிசாவே கொரில்லா முகத்தோடு சுவரில் தொங்குகிறாள். ஒளிவுமறைவே இல்லை. அடுத்து மாரிஸ் செண்டாக் 1981-இல் வரைந்த, குழந்தையைப் பூதங்கள் தூக்கிக்கொண்டு போகும் கதை. அதில் ஜன்னல் வழியே உள்ளே நுழையும் சூரியகாந்திகளைப் பாருங்கள். பிறகு ஜெர்மன் ஓவியர் ரூங்கே 1805-06-இல் வரைந்த ஹூல்சன்பெக் குழந்தைகளைப் பாருங்கள். அங்கேயும் குழந்தைகளுக்குப் பக்கத்தில் சூரியகாந்தி ஓங்கி நிற்கும்.

கண்டதைப் பக்க ஓரத்தில் பென்சிலால் மூன்று விதமாகக் குறித்து வைப்பேன். ஓவியரே சொல்லியிருந்தால் ‘நிச்சயம்’. கதையில் இல்லாத இரண்டு மூன்று அம்சங்கள் ஒத்து, பார்த்திருக்க வழியும் இருந்தால் ‘இருக்கலாம்’. மீதியெல்லாம் ‘என் ஆசை’. மூன்றாவது வகைதான் என்னிடம் அதிகம். அவற்றை அழிக்க மாட்டேன், யாரிடமும் வாதாடவும் மாட்டேன்.