பழைய எர்டிகாவை நியாயமான விலைக்கு வாங்குவது எப்படி?

பின்னால் மூட்டை வைக்க நீளமாக இடம் விட்ட ஸ்டேஷன் வேகன் கார்கள் நம் ஊரில் எடுபடவே இல்லை. டாடா எஸ்டேட், பலேனோ ஆல்ட்யூரா, இண்டிகோ மெரினா என்று வந்தவை எல்லாம் நின்றுபோயின. குடும்பமும் மூட்டை முடிச்சும் ஒரே வண்டியில் போக வேண்டுமென்றால் இன்று பலரும் தேடுவது ஏழு சீட் வண்டி. 2012-இல் வந்த மாருதி எர்டிகாவும், 2018 கடைசியில் வந்த அதன் இரண்டாம் தலைமுறையும் செகண்ட் ஹேண்டில் தாராளமாகக் கிடைக்கின்றன. பாலிஷைப் பார்த்து விலை பேசாதீர்கள், காகிதத்தைப் பார்த்துப் பேசுங்கள். இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான்.

1. விலையை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்

ஆண்டு, வேரியன்ட், எரிபொருள், எத்தனையாவது ஓனர் ஆகிய நான்கும் ஒத்துப்போகும் பத்து விளம்பரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மிகக் குறைந்த விலையையும் மிக அதிக விலையையும் அடித்துவிடுங்கள். மீதி இருப்பதும் கேட்கும் விலைதான், விற்ற விலை இல்லை. அதற்குக் கொஞ்சம் கீழே உங்கள் உச்சத் தொகையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

2. போனிலேயே காகிதங்களைக் கேளுங்கள்

"சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி சார்" என்பார்கள். இத்தனை டாக்டர்கள் கார் விற்கிறார்களா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். சரி, ஆர்.சி. (பதிவுச் சான்று), இன்ஷூரன்ஸ் இரண்டையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அரசின் எம்பரிவாஹன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டு, ஓனர் எண்ணிக்கையும் வங்கிக் கடன் விவரமும் பொருந்துகிறதா என்று பாருங்கள். அபராதப் பாக்கியை இ-சலான் தளத்தில் பார்க்கலாம்.

இன்ஷூரன்ஸ் காகிதத்தைப் பொறுமையாகப் படியுங்கள், அதில் நிறைய விஷயம் இருக்கிறது. நோ கிளைம் போனஸ் என்ற வரியைத் தேடுங்கள். கிளைம் இல்லாமல் ஓட்டினால் பிரீமியத்தில் கிடைக்கும் அந்தத் தள்ளுபடி 20, 25, 35, 45, 50 சதவீதம் என ஆண்டுதோறும் ஏறும். ஆறு வருட வண்டிக்கு 50 என்று இருந்தால் நல்ல அறிகுறி. பூஜ்யம் என்றால் போன வருடம் கிளைம் வாங்கியிருக்கலாம். இல்லையென்றால் பாலிசியை 90 நாளுக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டிருக்கலாம், வண்டி கை மாறியும் இருக்கலாம். எது என்று கேளுங்கள், பதில் தடுமாறினால் அடுத்த வண்டிக்குப் போங்கள்.

எர்டிகா டாக்ஸியாகவும் ஏராளமாக ஓடுகிறது. மஞ்சள் போர்டிலிருந்து வெள்ளை போர்டுக்கு மாற்றிய வண்டியாக இருந்தால் விலை கணிசமாகக் குறைய வேண்டும். பழைய பாலிசிகளில் அது வணிக வாகனம் என்றே பதிவாகியிருக்கும். அப்புறம் சர்வீஸ் பில்கள். ஒவ்வொரு பில்லிலும் உள்ள கிலோமீட்டரை வரிசையாக எழுதிப் பார்த்தால், மீட்டரைத் திருப்பியிருந்தால் தெரிந்துவிடும்.

3. காலையில் போய்ப் பாருங்கள்

நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று நினைக்கலாம். பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள், புகைக்குழாயில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது.

எல்லாக் கண்ணாடிகளிலும் தயாரிப்பு ஆண்டின் குறியீடு இருக்கும். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அந்தப் பக்கம் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். டயரில் 2319 என்று இருந்தால் 2019-இன் 23-ஆவது வாரம் செய்தது.

சென்னை வண்டி என்றால் வெள்ளச் சோதனை கட்டாயம். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் எத்தனையோ கார்கள் மூழ்கின. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள், மூழ்கிய வண்டி என்றால் அடியில் சேற்றுக்கறை இருக்கும். சீட் தண்டவாளத்தில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் ஈர வாடை இருந்தால், என்ன விலை சொன்னாலும் வேண்டாம்.

சி.என்.ஜி. வண்டி என்றால் ஆர்.சி.யில் அது பதிவாகியிருக்க வேண்டும். சிலிண்டருக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) சான்றும் வேண்டும். பின்சீட் ஏ.சி.யைப் போட்டுப் பாருங்கள். கடைசியாக, உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துப்போய் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவரின் மெக்கானிக் வேண்டாம்.

4. பேரம்

"கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்று ஆரம்பித்தால் ஐயாயிரம் குறையும், அதோடு முடிந்தது. செலவுக் கணக்கை எடுத்து நீட்டுங்கள். நாலு டயர் மாற்றினாலே 20,000 ரூபாயைத் தாண்டும். கிளட்ச், பேட்டரி, முடியப்போகும் இன்ஷூரன்ஸ் ஒவ்வொன்றுக்கும் மெக்கானிக் சொன்ன தொகையைக் கூட்டி, உங்கள் உச்சத் தொகையிலிருந்து கழித்துச் சொல்லுங்கள். நோ கிளைம் போனஸ் விற்பவரோடு போய்விடும், உங்களுக்கு வராது. பிரீமியம் கூடும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

5. பணமும் பெயர் மாற்றமும்

முன்பணத்துக்கு எழுத்தில் ரசீது, மீதி வங்கி வழியாக. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரின் கையெழுத்து வேண்டும். கடன் இருந்த வண்டி என்றால் வங்கியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபமில்லாச் சான்று), ஆர்.சி.யிலிருந்து கடனை நீக்கும் படிவம் 35-உம் வேண்டும். பெயர் மாறும்வரை ஒரு தொகையை நிறுத்தி வைக்கச் சம்மதம் வாங்குங்கள், நியாயமான விற்பனையாளர் மறுக்க மாட்டார். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

கிளம்பும் முன் இரண்டாவது சாவியையும் கேட்டு வாங்குங்கள். இல்லை என்றால் புதுச் சாவி செய்யும் செலவையும் விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.