ஜாவாஸ்கிரிப்டில் பிழை தேடும்போது ஆப்ஜெக்ட்டின் பண்புகளைச் சரியாகப் பார்ப்பது எப்படி?

ஜாவாஸ்கிரிப்ட் நிரல் எதிர்பார்த்தபடி ஓடாதபோது, சந்தேகத்துக்குரிய ஆப்ஜெக்ட்டை, அதாவது பெயரும் மதிப்புமாக அமைந்த பண்புகளின் தொகுப்பை, கன்சோல்.லாக் மூலம் உலாவியின் கன்சோல் என்ற செய்திப் பலகத்தில் அச்சிட்டுப் பார்ப்பதே பெரும்பாலோரின் வழக்கம். அதில் தவறில்லை, அந்த வரி ஓடிய கணத்தில் ஆப்ஜெக்ட் எப்படி இருந்ததோ அப்படியே கன்சோல் காட்டுகிறது என்று நம்பிவிடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. குரோம் உலாவியின் கன்சோல் ஆப்ஜெக்ட்டை நகலெடுத்து வைத்துக்கொள்வதில்லை. பக்கத்திலுள்ள முக்கோணக் குறியைச் சொடுக்கி முதன்முறை விரிக்கும்போது என்னென்ன மதிப்புகள் இருக்கின்றனவோ, அவற்றையே அது எடுத்துக் காட்டுகிறது.

ரசீது என்ற ஆப்ஜெக்ட்டில் மொத்தம் என்ற பண்பின் மதிப்பு 500 என்று கொள்வோம். அதை அச்சிட்ட அடுத்த வரியிலேயே தள்ளுபடி கழிக்கப்பட்டு மதிப்பு 450 ஆகிவிடுகிறது. கன்சோல் ஏற்கெனவே திறந்திருந்தால், விரிக்காத வரியில் 500 என்றும் விரித்தால் 450 என்றும் தெரியும். விரித்தவுடன் தோன்றும் சிறிய தகவல் குறியின் மேல் சுட்டியை வைத்தால், இது விரிக்கப்பட்டபோது கணிக்கப்பட்ட மதிப்பு என்ற எச்சரிக்கையும் வரும். அதைக் கவனிப்பவர்கள் குறைவு.

அந்தக் கணத்து நிலையே வேண்டுமென்றால் ஆப்ஜெக்ட்டை ஜேசான்.ஸ்ட்ரிங்கிஃபை கொண்டு எழுத்துச்சரமாக்கி அச்சிடலாம். ஆனால் அது ஃபங்ஷன்களையும் அன்டிஃபைன்ட், அதாவது மதிப்பு தரப்படாத, பண்புகளையும் சொல்லாமல் விட்டுவிடும். ஆப்ஜெக்ட் சுற்றிவந்து தன்னையே சுட்டினால் பிழை எறியும். ஆப்ஜெக்ட்டை நகலெடுத்துத் தரும் ஸ்ட்ரக்சர்டுகுளோன் தேதிகளையும் மேப், செட் ஆகியவற்றையும் காப்பாற்றும் என்றாலும், உள்ளே ஒரு ஃபங்ஷன் இருந்தால் நகலெடுக்க மறுத்துவிடும்.

ஆகவே நிரலையே நிறுத்திவிட்டுப் பார்ப்பதுதான் நம்பத்தக்க வழி. எஃப்12 விசையை அழுத்தி உலாவியின் டெவ்டூல்ஸ் என்ற கருவிகளைத் திறந்து, சோர்சஸ் பகுதியில் உரிய கோப்பைத் திறந்து, வரி எண்ணைச் சொடுக்கினால் அங்கே பிரேக்பாயின்ட், அதாவது நிரல் நிற்க வேண்டிய இடம், அமையும். நிரல் அந்த வரியை அடைந்து நின்றதும் ஸ்கோப் பகுதியில் அப்போதைய மாறிகள் அனைத்தும் தெரியும். கால் ஸ்டாக் பட்டியலில், இந்த ஃபங்ஷனை அழைத்த முந்தைய ஃபங்ஷனைத் தேர்ந்தெடுத்தால் அதன் மாறிகளையும் காணலாம். கன்சோலில் எழுதும் கோவைகளும் தேர்ந்தெடுத்த அந்த இடத்திலிருந்தே கணிக்கப்படும். ஆயிரம் முறை சுழலும் லூப்பாக இருந்தால், வரி எண்ணின் மேல் வலச்சொடுக்கிட்டு, மொத்தம் பூஜ்யத்துக்குக் கீழே போனால் மட்டும் நிற்கும்படி நிபந்தனை விதிக்கலாம்.

நிறுத்திய பின் பார்க்க வேண்டியது, பண்பு உண்மையில் ஆப்ஜெக்ட்டில் இருக்கிறதா என்பதை. அன்டிஃபைன்ட் என்ற விடை, பண்பே இல்லாதபோதும் வரும், பண்பு இருந்து மதிப்பு இல்லாதபோதும் வரும், ஆப்ஜெக்ட்.ஹேஸ்ஓன் இவ்விரண்டையும் பிரித்துச் சொல்லும். ஆப்ஜெக்ட்.கீஸ் தரும் பண்புப் பெயர்ப் பட்டியலை முழுமையானது என்று கொள்ளக் கூடாது. எண்ணிக்கையில் சேராதவாறு வரையறுக்கப்பட்ட பண்புகளும் எழுத்துச்சரத்துக்குப் பதில் சிம்பல் என்ற தனி வகை மதிப்பைப் பெயராகக் கொண்டவையும் அதில் வராது. அவற்றையும் சேர்த்துக் காண ரிஃப்ளெக்ட்.ஓன்கீஸ் வேண்டும். கிளாஸில் எழுதிய மெதட்கள் ஆப்ஜெக்ட்டின் சொந்தப் பண்புகள் அல்ல என்பதால், அவற்றை அடியிலுள்ள புரோட்டோடைப்பை, அதாவது ஆப்ஜெக்ட் மெதட்களைப் பெறும் மூல ஆப்ஜெக்ட்டை, விரித்தே தேட வேண்டும். மதிப்புக்குப் பதிலாக அடைப்புக்குறிக்குள் மூன்று புள்ளிகள் தெரிந்தால் அது கெட்டர், அதாவது பண்பைப் படிக்கும்போது ஓடி மதிப்பைத் தரும் ஃபங்ஷன். அதைச் சொடுக்கினால் அந்த ஃபங்ஷன் ஓடும், அந்த ஓட்டமே வேறொரு மதிப்பை மாற்றிவிடவும் கூடும்.

தமிழில் பண்புப் பெயர் வைப்போருக்கு இன்னொரு பொறி உண்டு. மொத்தம் என்ற சொல்லிலுள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் கால் குறியுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஜாவாஸ்கிரிப்டுக்கோ அவை இரு வேறு பெயர்கள். பெயரின் நீளத்தைக் கேட்டால் முதலாவது 7 என்றும் இரண்டாவது 8 என்றும் வருவதைக் கொண்டு கண்டுபிடித்துவிடலாம். வெளியிலிருந்து தரவு வந்து சேரும் இடத்திலேயே நார்மலைஸ் செய்து, பெயர்களை ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிடுவது நல்லது. பெயரின் இறுதியில் ஒட்டிக்கொண்டுவரும் இடைவெளியையும் இதே நீளச் சோதனை காட்டிக்கொடுக்கும்.

மதிப்பு தவறு என்பது உறுதியாகி, அதை மாற்றியது யார் என்பது மட்டும் தெரியாமல் இருக்கலாம். அப்போது ஆப்ஜெக்ட்.டிஃபைன்பிராப்பர்ட்டி கொண்டு அந்தப் பண்புக்கு, மதிப்பை மாற்றும்போதெல்லாம் ஓடும் ஃபங்ஷனான ஒரு செட்டரை அமைத்து, அதற்குள் டீபக்கர் என்ற கட்டளையை எழுதினால், டெவ்டூல்ஸ் திறந்திருக்கும்வரை ஒவ்வொரு மாற்றத்தின்போதும் நிரல் நிற்கும். மாற்றிய வரியைக் கால் ஸ்டாக் சொல்லிவிடும். ஆப்ஜெக்ட்டின் பண்புகளை மாற்ற முடியாதபடி உறையவைக்கும் ஆப்ஜெக்ட்.ஃபிரீஸ் இதைவிட எளிது. மாட்யூல்களிலும் கிளாஸ்களிலும் தானாகவே அமையும் ஸ்ட்ரிக்ட் என்ற கண்டிப்பான முறையில், உறைந்த பண்பை மாற்ற முயன்ற வரியிலேயே டைப்எரர் எழும். பழைய முறை நிரலில் மாற்றம் சத்தமின்றிப் புறக்கணிக்கப்படுவதால் அங்கே இந்த உத்தி உதவாது. ஃபிரீஸ் மேல்மட்டத்தை மட்டுமே உறையவைக்கும் என்பதால், ரசீதுக்குள் இருக்கும் பொருள் பட்டியலைத் தனியே உறையவைக்க வேண்டும்.