கடும் குளிரில் பாய்லர் நின்றுபோனால் முதலில் பார்க்க வேண்டிய குழாய்

வெளியே மைனஸ் பத்து டிகிரி, உள்ளே வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லர் பேச்சு மூச்சில்லாமல் கிடக்கிறது. கை உடனே போனைத்தான் தேடும், ஆனால் அன்றைக்கு ஊரே மெக்கானிக்கைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்.

கேஸ் வாடை அடித்தாலோ கார்பன் மோனாக்சைடு அலாரம் கத்தினாலோ மேற்கொண்டு எதையும் நோண்டாமல், சுவிட்சைக்கூடத் தொடாமல், எல்லோரும் வெளியே வந்து அவசர உதவியைக் கூப்பிடுங்கள். அப்படி எதுவும் இல்லையா, சரி, கரண்ட் வருகிறதா, தெர்மோஸ்டாட் பேட்டரி தீர்ந்துவிட்டதா, புகைபோக்கி வாயைப் பனி மூடியிருக்கிறதா என்று பாருங்கள். பிரஷர் முள் பாய்லர் ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் வரை காட்ட வேண்டும்.

இதெல்லாம் ஒழுங்காக இருந்தும் எரியவில்லை, பற்றவைக்கும்போது உள்ளே களக் களக் என்று சத்தம் வருகிறது என்றால், என் சந்தேகம் கழிவுநீர்க் குழாய் மீதுதான். கண்டென்சிங் பாய்லர் புகையில் இருக்கும் நீராவியையும் குளிர்வித்து அந்தச் சூட்டை எடுத்துக்கொள்ளும், அப்படிச் சேரும் தண்ணீர்தான் இங்கே கழிவுநீர், அது ஒல்லியான இந்தப் பிளாஸ்டிக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக வெளியே போகும், அந்தச் சொட்டு உறைந்து அடைத்துக்கொண்டால் தண்ணீர் திரும்பி ஏறும், பாய்லர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும்.

வெளிச்சுவரில் அந்தக் குழாயைத் தேடிப் பிடியுங்கள். பெரும்பாலும் முழங்கை மாதிரி வளையும் இடத்திலோ திறந்திருக்கும் நுனியிலோதான் ஐஸ் உட்கார்ந்திருக்கும். அங்கே வெதுவெதுப்பான தண்ணீரைக் குவளை குவளையாக ஊற்றுங்கள். கொதிக்கிற தண்ணீர் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக் விரிந்து வெடித்துவிடும். சுடுதண்ணீர்ப் பையைக் கட்டிவைத்தாலும் இளகும், கொஞ்சம் பொறுமைதான் வேண்டும். கொஞ்ச நேரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு ஐஸ் குச்சி வழுக்கி விழும், பின்னாலேயே தேங்கின தண்ணீர் கொட்டும். அப்புறம் ரீசெட் பட்டனை அழுத்துங்கள். (ஊற்றின தண்ணீர் தரையில் உறைந்துவிடும், உப்புத் தூவாமல் அதன்மேல் நடக்காதீர்கள்.)

இரண்டு மூன்று ரீசெட்டுக்கும் அசையவில்லையா, விட்டுவிடுங்கள், மூடியைக் கழற்றுவது நம் வேலை இல்லை. எரிந்துவிட்டால் குளிர் விடும்வரை ராத்திரியில் முழுக்க அணைக்காமல் குறைத்து வையுங்கள், அந்தக் குழாய்க்கு ஃபோம் உறை போடுங்கள், அடுத்த சர்வீஸில் வெளியே இருக்கும் பகுதியை அகலமான 32 மில்லிமீட்டர் குழாயாக மாற்றச் சொல்லுங்கள்.