'நாளைக்கு லீவாம்' - பெங்களூரு மழையும் பிள்ளைகளின் வாட்ஸ்அப்பும்

மழை பிடித்தால் அபார்ட்மென்ட் குரூப்பில் முதலில் வருவது விடுமுறைச் சுற்றறிக்கைதான். அதில் பிள்ளைகளை முதலில் பார்க்கச் சொன்னது தேதியை. பழைய சுற்றறிக்கை என்றால் நாள், மாதம் சரியாக இருக்கும், ஆண்டை மட்டும் வெட்டியிருப்பார்கள். அடுத்து, யார் அறிவித்தது? இங்கே மழை விடுமுறையை அறிவிப்பவர் மாவட்டத் துணை ஆணையர், அதாவது கலெக்டர். அந்த அலுவலகத்தின் பக்கத்திலோ பள்ளியின் செய்தியிலோ இல்லாவிட்டால், பையை அடுக்க வேண்டியதுதான்!

வீடியோ என்றால் ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸில் போடுவோம். இன்றைய மழை என்று சுற்றும் 2022 செப்டம்பர் வெள்ளப் படங்கள் இப்படித்தான் பிடிபடும். படத்தின் ஓரத்தில் எழுத்து ஒட்டியிருந்தால் தேடல் தடுமாறும். அதை வெட்டிவிட்டுத் தேட வேண்டும். வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தால் குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று பொருள். பொய் என்று பொருளல்ல, இதைப் பெரியவர்களே குழப்பிக்கொள்கிறார்கள்.

அன்றாட வாசிப்புக்குத் தமிழில் 'துளிர்' அறிவியல் மாத இதழ். மழைக்கு இந்திய வானிலைத் துறையின் தளம், முகவரி '.gov.in' என்று முடிகிறதா என்று பிள்ளையே எழுத்துக்கூட்டிப் பார்க்கட்டும்.